ராமுத்தாய் பெற்றுக்கொண்ட சிலிண்டர்

1

சிலிண்டர் ஒருநாள் தாமதமானதற்காகச் சண்டை போட திண்டுக்கல் கேஸ் ஏஜென்சிக்குப் போனேன். கதை அங்கேதான் கிடைத்தது. என் சண்டை மறந்துவிட்டது. கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

2

முதல் தொடக்கம்: "குஜிலியம்பாறைப் பக்கம் செம்மண் வானம்..." (அடித்துவிட்டேன். வானம் பார்க்க ராமுத்தாய்க்கு ஏது நேரம்?)

மறுபடியும். ராமுத்தாயின் ஊருக்குள் கேஸ் வண்டி வராது. மெயின் ரோட்டில் நின்று மூன்று தடவை ஹாரன் அடிக்கும். ஓடி வராதவர்களுக்கு அடுத்த வாரம்தான். அதனால் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் செல்போனுக்கு வரும் ஓடிபி நம்பரை டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, காலி சிலிண்டரை டீக்கடையில் வைத்துவிட்டுப் போவார்கள். ஊரே அப்படிச் செய்கிறது, அவளும் செய்தாள். சாயங்காலம் காலி சிலிண்டர் வைத்த இடத்திலேயே இருந்தது. செல்போனில் மட்டும் செய்தி வந்திருந்தது: சிலிண்டர் வழங்கப்பட்டது.

3

மருமகள் தீபாவுக்கு எட்டாம் மாதம், இழுப்பு வேறு. புகைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேறு வழியில்லாமல் ராமுத்தாய் விறகு மூட்டினாள். ஒற்றை அறை வீட்டில் புகை எங்கே போகும்? இரண்டே நாளில் தீபாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கண்டக்டரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு, காலி சிலிண்டரோடு ராமுத்தாய் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

"நம்பர் சொன்னது நீங்கதானம்மா? வாங்கிட்டதா கம்ப்யூட்டர்ல இருக்கே" என்றான் ஏஜென்சி மேசைக்காரன்.

"வாங்குனவ எதுக்கு தம்பி காலியத் தூக்கிக்கிட்டு வாரேன்? ஒங்க கம்ப்யூட்டரா வந்து எங்க அடுப்ப ஊதும்?"

(இந்த இடத்தில் அவளை அழவைக்க நினைத்தேன். அவள் அழவில்லை. சிலிண்டரை நங்கென்று மேசைமேல் வைத்தாள்.)

4

முடிவு ஒன்று: மேனேஜர் எழுந்து வந்து மன்னிப்புக் கேட்... (பொய். அவர் சாப்பிடப் போயிருந்தார்.)

முடிவு இரண்டு: டிரைவரை வில்லனாக்கலாம். ஆனால் அந்த சிலிண்டரை வாங்கியது யார்? பதியாமலே, அவசரத்துக்கென்று டிரைவரிடம் கூடுதல் காசு கொடுத்து டவுனில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் வாங்கியிருக்கிறேன். மூன்றாவது மாடி வரை தூக்கிவந்து வைத்தார்கள். யாருடையது என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருக்கிறது.

"இதைக் கதையா எழுதப் போறேம்மா" என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தாள். "எழுதுங்க. நீங்க எழுதி முடிக்குற வரைக்கும் எம் மருமக மூச்சப் புடிச்சுக்கிட்டு இருக்கணுமாக்கும்?"

முடிவு மூன்று: நான் அவளிடம்

(இதற்குமேல் எனக்கு ஓடவில்லை. அவளுக்குப் பதில் சொல்ல முடிந்தவர்கள் முடித்துக்கொள்ளுங்கள். சீக்கிரம்.)