வெட்ட ஆளில்லாத வீட்டில் ஒரு வான்கோழி

வான்கோழியை முழுசாக வேகவைக்க வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் ஆசைப்படவில்லை. வெட்ட ஆளில்லை, அவ்வளவுதான். வெட்டத் தெரிந்த ஒரே ஆள், அடுப்படியில் நிற்கிறவளின் புருஷன். இறைச்சிக் கம்பெனியின் வெட்டுக் கூடத்தில் பதினோரு வருஷம் நின்றவன். ஒரு பறவையைக் கையில் கொடுத்தால் நீங்கள் மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் கால் வேறு, இறக்கை வேறு, நெஞ்சு வேறாக அடுக்கிவிடுவான். இருபத்திரண்டு நாளைக்கு முன்னால் அதே கூடத்தில் அவனுடைய வலது கையில் நாலு விரல் போய்விட்டது. கட்டை விரல் மட்டும் மிச்சம். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, நாலு கிலோப் பறவையோடு பொண்டாட்டி மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பறவையைக் கொண்டுவந்து போட்டது அவளுடைய அண்ணன். அந்த வெட்டுக் கூடத்துக்கு அவன்தான் சூப்பர்வைசர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கல்லாக உறைந்து கிடந்ததை இரண்டு கையாலும் தூக்கி வந்து, "ஞாயித்துக்கிழமை மத்தியானம் நானும் வரேன் பாப்பா, மாப்பிள்ளையோட உக்காந்து சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விபத்தைப் பற்றி விசாரிக்க அதிகாரி வீட்டுக்கு வருகிறார். அதற்கு முந்தின நாள் பார்த்து அண்ணனுக்கு உறவு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவளுக்கா தெரியாது?

இரண்டு நாள் ஃபிரிட்ஜில் கிடந்து உறைவு விட்டிருந்தது. வயிற்றுக்குள் கையை விட்டு, கழுத்தையும் ஈரலையும் சுற்றி வைத்திருந்த பிளாஸ்டிக் பையை வெளியே இழுத்தாள். தினமும் அந்தப் பையை ஆயிரக்கணக்கில் உள்ளே திணிக்கிறவள் அவள்தான்; வேலை பேக்கிங் பிரிவில். தாளால் ஈரத்தை ஒற்றி எடுத்து, உப்பு, மிளகுத்தூள், நசுக்கிய பூண்டு, வெண்ணெய் எல்லாவற்றையும் குழைத்து, நெஞ்சுத் தோலுக்கு அடியில் விரலை நுழைத்துத் தடவினாள். வயிற்றுக்குள் ஒரு வெங்காயத்தையும் அரை எலுமிச்சம்பழத்தையும் வைத்தாள்.

"காலைக் கட்டு. கட்டலைன்னா மூடியில முட்டும்" என்றான் புருஷன்.

"தெரியுதுங்க."

"இன்னும் இறுக்கி. அப்படி இல்ல. கொண்டா இங்க." கையை நீட்டிவிட்டான். நீட்டியது வலது கை. கட்டுப் போட்ட உருண்டையை அவனே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மறுபடி மடியில் வைத்துக்கொண்டான். அவள் பார்க்காத மாதிரி நூலை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எட்டு லிட்டர் எலக்ட்ரிக் பிரஷர் குக்கர். அது வந்த கதையை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. முன்னூறு நாள் விபத்தே இல்லாமல் ஓட்டியதற்காக வெட்டுக் கூடத்தில் ஆளுக்கு ஒன்று கம்பெனி கொடுத்தது. அண்ணன் மேடையேறிக் கைகுலுக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டான். அடியில் கம்பித் தட்டை வைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, பறவையை நெஞ்சு மேலே பார்க்க இறக்கினாள். இறங்குவேனா என்றது. தோளைப் பிடித்து அமுக்கி, இறக்கையை முதுகுப் பக்கம் மடக்கிச் செருகி, ஒரு வழியாக உள்ளே திணித்தாள். மூடியைத் திருகி, ஆவி போகும் வழியை அடைத்து, ஐம்பத்தைந்து நிமிஷம் என்று பட்டனை அழுத்தினாள்.

திரும்பினால், புருஷன் மேஜைமேல் இடது கையால் எதையோ மாட்டிக்கொண்டிருந்தான். மேஜையில் ஒன்றுமில்லை. வெறும் காற்றில் ஒரு சாமானைப் பிடித்து, துடைத்து, ஒரு பள்ளத்தில் வைத்து அமுக்கித் திருப்புகிறான். மறுபடி எடுக்கிறான், துடைக்கிறான், அமுக்கித் திருப்புகிறான்.

"விடுங்களேன்" என்றாள்.

"இப்படித்தான் செஞ்சிருப்பேன். திருப்பினேனான்னுதான் ஞாபகம் வரமாட்டேங்குது."

இருபத்திரண்டு நாளாக அவனுக்கு இதே வேலை. கூடத்தில் கால் பிரிக்கிற மெஷின் ஒன்று உண்டு. வட்டக் கத்தி, அதன்மேல் ஒரு மூடி. மூடியைத் தூக்கினால் கத்தி தானாக நின்றுவிடும். மூடியோரம் இருக்கிற சின்ன சுவிட்சின் வேலை அது. பறவை சிக்கிக்கொண்டால் மூடியைத் தூக்குவார்கள், கத்தி நிற்கும், கையை விட்டு இழுத்துப் போடுவார்கள். அன்றைக்கு அவன் மூடியைத் தூக்கினான், கத்தி நிற்கவில்லை. காலையில் மெஷினைக் கழுவி, சுவிட்சைத் துடைத்து மாட்டியது அவன்தான். சரியாக மாட்டாமல் விட்டுவிட்டோம், நம் கையை நாமே தின்னக் கொடுத்துவிட்டோம் என்று அவனே தீர்ப்பு எழுதிக்கொண்டான். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவன் கேட்ட முதல் வார்த்தை, "நான் மாட்டலையா?"

மாட்டியிருந்தான். அது அவளுக்குத் தெரியும். இந்த உலகத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். இரண்டாவது ஆள் வாசல் மணியை அழுத்திக்கொண்டிருந்தான்.

அண்ணன் சலவைச் சட்டை போட்டு, தலையை ஈரமாக வாரிக்கொண்டு வந்திருந்தான். "என்ன மாப்பிள்ளை, தூக்கம் வருதா?" என்று கேட்டு, இடது தோளைத் தட்டி, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். புருஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ரத்தத்தோடு தன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது மச்சான்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறவன் அவன். பொய்யில்லை, அண்ணன்தான் தூக்கினான். தூக்குவதற்கு முன்னால் என்ன செய்தான் என்பதுதான் விஷயம்.

அலறல் கேட்டு பேக்கிங் பிரிவிலிருந்து ஓடியவள் அவள். எல்லோரும் கீழே கிடந்தவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையைச் சுற்ற ஒரு துணி கிடைக்குமா என்று அவள் மட்டும் தலையைத் தூக்கினாள். அண்ணன் மெஷின் பக்கமாகக் குனிந்து, சுவிட்சின்மேல் இறுக்கிச் சுற்றியிருந்த பழுப்பு டேப்பைச் சர்ரென்று உரித்து, உருட்டி, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். டேப்புக்கு அடியில் சுவிட்ச் ஒழுங்காகத் திரும்பித்தான் இருந்தது. மூடியைத் தூக்கினாலும் கத்தி நிற்காமலிருக்க அதுதான் வழி. தள்ளிப் போட முடியாத ஆர்டர், மெஷின் நின்று நின்று போகிறது, சுவிட்சைக் கட்டிப்போட்டுவிட்டான். யாருக்கும் சொல்லவில்லை.

அம்மா அப்பா போன பிறகு அவளை வளர்த்தவன் அண்ணன். பள்ளிக்கூடத்துக்குச் சடை பின்னி அனுப்பினவன். அவளுக்கும் புருஷனுக்கும் வேலை வாங்கிக் கொடுத்தவன். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். இதையெல்லாம் அவள் இருபத்திரண்டு நாளாக ஜெபம் மாதிரி தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல வாய் அடைத்துப்போனது.

குக்கர் புஸ்ஸென்று சீறிவிட்டு அடங்கியது. மூடியிலிருந்த சிவப்பு முள் மேலே ஏறிக்கொண்டது. இனி உள்ளே அழுத்தம் இறங்கும்வரை மூடியைத் திறக்க முடியாது. அண்ணன் எழுந்து, உதவி செய்கிற சாக்கில் சமையலறைக்கு வந்தான்.

"நாளைக்கு அந்த ஆள் உன்கிட்டயும் கேப்பான், பாப்பா" என்றான், மேஜைக்குக் கேட்காத குரலில்.

"கேக்கட்டும்."

"நீ என்ன சொல்லுவே?"

அவள் தட்டுகளைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்து வைத்த தட்டுகள். "நீயே உண்மையைச் சொல்லிடு அண்ணா. அவரு தினமும் செத்துக்கிட்டிருக்காரு. தன் மேலதான் தப்புன்னு நெனச்சே செத்துக்கிட்டிருக்காரு."

"சொன்னா விரல் முளைச்சிடுமா?" குரல் ரொம்ப இதமாக இருந்தது. "என்னை உள்ளே தள்ளுவாங்க. ரெண்டு பொண்ணுங்க தெருவுல நிக்கும். மாப்பிள்ளைக்கு ஆபீஸ்ல ஒரு நாற்காலி வேலை பேசி வெச்சிருக்கேன். நான் இருந்தாத்தானே அது? யோசிச்சுப் பாரு."

"யோசிச்சு யோசிச்சுத்தான் இத்தனை நாள் ஊமையா இருக்கேன்."

"இன்னும் ஒரு நாள் இரு." குக்கரின் முள்ளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், ஏதோ கடையில் மறந்த சாமானை ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னான்: "அந்த டேப்ப எனக்குக் குடுத்தது யாரு, பாப்பா?"

அன்றைக்குக் காலையில் அண்ணன் அவளுடைய பேக்கிங் மேஜைக்கு வந்து, "ஒரு டேப் குடு பாப்பா" என்றான். எதற்கென்று அவள் கேட்கவில்லை. பெட்டி ஒட்டுகிற சுருளைத் தூக்கிக் கொடுத்தாள். இத்தனை நாளும் அவன் அதை மறந்திருப்பான் என்றே நம்பியிருந்தாள். படுபாவி, பத்திரமாக வைத்திருந்திருக்கிறான்.

"ஒண்ணுமில்ல. நாம ரெண்டு பேரும் ஒரே படகுல இருக்கோம்னு சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, அவள் கையிலிருந்த தட்டுகளை வாங்கிக்கொண்டு போனான்.

முள் இறங்க இன்னும் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் சாப்பாட்டு மேஜையில் இரண்டு ஆண்களும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் குக்கரின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணனுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம் என்று இத்தனை நாள் தன்னைப் பெரிய மனுஷியாக நினைத்து வைத்திருந்தாள். பெரிய மனுஷியாவது, ஒன்றாவது. டேப்புக்குப் பயந்துதான் மூடியிருந்தாள். அந்த எண்ணம் வந்ததும் அவளுக்குத் தன்மேல் வந்த அருவருப்பு கொஞ்சநஞ்சமல்ல.

டக்கென்று முள் விழுந்தது. மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடித்தது. தோல் சிவக்கவேயில்லை, குளித்து வந்தவன் முதுகு மாதிரி வெளுத்துக் கிடந்தது. தொடையில் கத்தி நுனியை இறக்கினாள். தெளிந்த நீர் வந்தது. கம்பித் தட்டின் இரண்டு காதையும் துணியால் பிடித்துத் தூக்கியதுதான் தாமதம், ஒரு கால் கட்டிய நூலிலிருந்து நழுவி, தானாகக் கழன்று அடியில் தேங்கிய குழம்புக்குள் விழுந்தது. இன்னொரு காலும் இறக்கையும் பின்னாலேயே போயின. எலும்பை விட்டுச் சதை சரிந்தது. பெரிய தட்டில் அள்ளிப் போட்டு மேஜைக்குக் கொண்டுவந்தாள்.

"அட, நமக்கு வேலையே வைக்கலியே" என்று அண்ணன் சிரித்தான். புருஷன் சிரிக்கவில்லை. மூட்டு பிரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் ஒரு பெரிய தொடைத் துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தான். "சாப்பிடுங்க மாப்பிள்ளை. நாளைக்கு அந்த ஆள் வந்தா என்ன சொல்லணும்னு ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு மச்சான்." பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். "காலையில மெஷினைக் கழுவினது நான். சுவிட்சை மாட்டினது நான். அவசரத்துல சரியாத் திருப்பல. தப்பு என்மேலதான். வேற யாருக்கும் சம்பந்தமில்ல."

"அவ்வளவுதான். மனசும் லேசாயிடும் பாருங்க."

"அவரு திருப்பினாரு" என்றாள் அவள்.

கத்தவில்லை. குழம்பை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். அண்ணனின் கை பாதி வழியில் நின்றது.

"நீங்க ஒழுங்காத்தான் மாட்டினீங்க. அண்ணன்தான் அதுமேல டேப்பைச் சுத்திக் கட்டிப்போட்டாரு. நீங்க கீழே கிடக்கும்போது அதை உரிச்சுப் பையில போட்டுக்கிட்டதை நான் பாத்தேன். அந்த டேப்பைக் குடுத்தது நான். எதுக்குன்னு கேக்காமக் குடுத்தேன்."

"பாப்பா" என்றான் அண்ணன். முகத்தில் ஈயாடவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், கையை ஒரு துணியில் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

புருஷன் அவன் பக்கம் திரும்பவேயில்லை.

"அப்போ நான் மாட்டினேனா?" என்று அவளைக் கேட்டான்.

"மாட்டினீங்க."

"திருப்பினேனா?"

"திருப்பினீங்க."

அவன் உதடு கோணிக்கொண்டது. கட்டுப் போட்ட கையால் கண்ணைத் துடைக்கப் போய், முடியாமல் தோளில் தேய்த்துக்கொண்டான். பாரம் இறங்கின மனுஷன் அழுகிற அழுகை அது. எழுந்து பக்கத்தில் போய் அவன் தலையைத் தொடப் போனாள். அவன் தலையை நகர்த்திக்கொண்டான்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"அன்னைக்கே."

"அன்னைக்கேவா?" கணக்குப் போடுகிற மாதிரி இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். "இந்த மேஜையில உக்காந்துதானே தினமும் மாட்டி மாட்டிக் காட்டினேன்? நீ எதிர்லயே உக்காந்து பாத்துக்கிட்டிருந்தியே?"

அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். யாரும் அவனைப் போகச் சொல்லவுமில்லை, இருக்கச் சொல்லவுமில்லை. வாசற்கதவு திறந்து மூடிக்கொண்டது. வான்கோழி மேஜை நடுவில் ஆறிக்கொண்டிருந்தது. ஓரத்துக் கொழுப்பு வெள்ளையாக உறையத் தொடங்கியது.

"மச்சான் வேலை போயிடும்னு பயந்து செஞ்சான்" என்றான் புருஷன் கடைசியில். "அவனைக்கூட என்னால புரிஞ்சுக்க முடியுது."

அவள் அண்ணனின் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"நாளைக்கு பத்து மணிக்கு அந்த ஆள் வருவான். டேப்பைப் பத்திச் சொல்லு. உங்க அண்ணனைப் பத்திச் சொல்லு." தட்டை இடது கையால் தன்னிடமிருந்து மெதுவாகத் தள்ளி வைத்தான். "இருபத்திரண்டு நாள் என்னைப் பாத்துக்கிட்டே சும்மா இருந்தியே, அதையும் சேத்துச் சொல்லு. நான் கேக்கணும்."

"சொல்றேன்" என்றாள்.