தொப்பி மாமா டியூட்டியில் இருக்கிறார்

தங்கையின் மாவுக்கட்டுக் கையைப் பார்த்து, "படியில வழுக்கி விழுந்திருப்பா" என்று ஏட்டு சொன்ன நாளிலிருந்து தையல்காரிக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

புருஷனை விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு வந்திருந்தவள் தங்கை. தெருவுக்குப் புதிது. கை ஒடிந்த அன்று சாயங்காலம் அவள் வேலை முடிந்து திரும்பும்போது அந்தப் புருஷன் இரும்புக் கம்பியோடு பின்னால் வந்தான். தெருமுனையில் ஒரு பக்கம் பேக்கரி, ஜேஜே என்று கூட்டம். எதிர்ப்பக்கம் போலீஸ் பூத். அங்கே விளக்கு எரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். உயிருக்குப் பயந்து ஓடுகிறவள் எந்தப் பக்கம் ஓடுவாள்? பூத்துக்குத்தான் ஓடினாள். கண்ணாடியைத் தட்டினாள். "சார், சார்" என்று தொண்டை கிழியக் கத்தினாள். தொப்பி திரும்பவே இல்லை. பூத்தின் பின்பக்கம் இழுத்துப் போய் அவன் அடித்தான். பேக்கரியிலிருந்து ஆட்கள் வந்தபோது அவள் மட்டும்தான் கிடந்தாள்.

தொப்பி எப்படித் திரும்பும்? நாற்காலியில் மாட்டிய ஏட்டின் பழைய யூனிஃபார்ம் சட்டை, உள்ளே இரண்டு தலையணை, மேலே ஒரு பந்து, பந்தின் மேல் தொப்பி. அவ்வளவுதான் ஆள். ஸ்டேஷனில் ஆள் பற்றாக்குறை என்று ஏட்டு செய்த ஏற்பாடு. தெருவே அதற்குத் 'தொப்பி மாமா' என்று பேர் வைத்திருந்தது. "நம்ம ஸ்டேஷன்லயே கை நீட்டாத ஒரே ஆள்" என்று கிண்டல் வேறு. தையல்காரியும் சேர்ந்து சிரித்தவள்தான். தங்கையிடம் சொல்ல வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவளுக்குமே தோன்றவில்லை.

இப்போது ஸ்டேஷன் சொல்வது என்ன? பூத்தில் எங்கள் ஆள் இருந்தார். அவர் எதையும் பார்க்கவில்லை. ஆகவே எதுவும் நடக்கவில்லை. புகார் பொய். கேஸ் கிடையாது. அடித்தவன் நேற்று தையல் கடைக்கு எதிரே நின்று சீட்டியடித்துவிட்டுப் போனான்.

மாதம் ஒருமுறை பள்ளிக்கூட ஹாலில் போலீசும் பொதுமக்களும் கூடிப் பேசுவது வழக்கம். இன்றைக்குக் கூட்டம். தையல்காரி நேராகப் பேக்கரிக்குப் போனாள். பூத்துச் சாவி பேக்கரிக்காரரிடம்தான் இருக்கும். பொழுது சாய்ந்ததும் பூத்துக்குள் விளக்குப் போடுவது அவர் வேலை.

"அண்ணே, சாவி குடுங்க."

"எதுக்கும்மா?"

"மாமாவைக் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"விளையாடாதே தாயி. நான் இங்க கடை நடத்தணும். ஏட்டு என்னை உயிரோட விடமாட்டார்."

"அன்னைக்கு அவ தட்டுனது இங்க கேட்டுச்சா அண்ணே?"

பேக்கரிக்காரர் ஒரு ரொட்டியை எடுத்து, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"கேக்குறேன்ல."

"கேட்டுச்சு." அவர் குரல் உள்ளே போயிற்று. "யாரோ தெரியாம மாமாவைக் கூப்பிடுறாங்கன்னு... எல்லாரும் சிரிச்சோம்மா."

அவள் அவரையே பார்த்தாள். திட்டியிருந்தால் கூட அவர் தாங்கியிருப்பார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் சாவியை எடுத்து மேஜையில் வைத்தார்.

ஹாலில் இன்ஸ்பெக்டர் மைக்கில் இருந்தார். ஊருக்குப் புதியவர், நன்றாகப் பேசக்கூடியவர். "உங்க முனையில இருக்கிற பூத்துல எந்த நேரமும் நம்ம ஆள் ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். பெண்கள் தைரியமா நடமாடலாம்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, தையல்காரி நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு நடுவே வந்தாள். சட்டை, தலையணை, பந்து, தொப்பி எல்லாம் இருந்தபடியே. மேடையில் உட்கார்ந்திருந்த ஏட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"சார், நீங்க சொன்ன ஆள் இவர்தான். என் தங்கச்சி கை ஒடிஞ்ச அன்னைக்கும் டியூட்டி இவருக்குத்தான். இவரையே கேளுங்க."

ஹால் குலுங்கிச் சிரித்தது.

"சிரிக்காதீங்க." அவள் திரும்பினாள். "அன்னைக்கும் இப்படித்தான் சிரிச்சீங்க."

சிரிப்பு பட்டென்று நின்றது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தங்கை மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

ஏட்டு எழுந்துவிட்டார். "சார், பூத்தை உடைச்சு அரசாங்கச் சொத்தைத் திருடியிருக்கா. இவ மேல கேஸ் போடணும் சார்."

"போடுங்க" என்றாள் தையல்காரி. "எங்கேருந்து திருடினேன்னு எழுதுங்க. திருடும்போது அங்க காவலுக்கு யார் இருந்தாங்கன்னும் எழுதுங்க. சட்டை யாரோடதுன்னு மறக்காம எழுதுங்க. கழுத்துப் பட்டையில உங்க நம்பர் இருக்கு."

"உடைக்கலை சார்." பின்னாலிருந்து பேக்கரிக்காரர் எழுந்தார். "சாவி நான் குடுத்தேன். தினம் விளக்குப் போடுறதும் நான்தான். அன்னைக்கும் போட்டேன். உள்ள ஆள் இல்ல. அந்தப் பொண்ணு கத்துனது என் காதுல விழுந்துச்சு."

"எனக்கும் கேட்டுச்சு" என்றது ஒரு குரல். "எனக்கும்" என்றது இன்னொன்று. இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார்கள் இந்தக் காதுகளை என்று தையல்காரிக்கு எரிந்தது.

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். பிறகு தொப்பியைப் பார்த்தார். "விசாரிச்சு..." என்று ஆரம்பித்தார்.

தையல்காரி மைக்கை அவர் வாய்க்கு நேராகத் திருப்பி வைத்தாள். "விசாரணை அப்புறம் சார். அன்னைக்குப் பூத்துல ஆள் இருந்துச்சா, இல்லையா? இதுல சொல்லுங்க. என் தங்கச்சி காதால கேட்கணும்."

"இல்லை" என்றார் இன்ஸ்பெக்டர். ஒலிபெருக்கியில் அது தெருவரைக்கும் கேட்டது. "புகாரை இப்பவே பதிவு பண்ணுவோம்மா. அவனைப் பிடிச்சுக் கொண்டுவரச் சொல்றேன்."

யாரோ கை தட்டினார்கள். தையல்காரி திரும்பிப் பார்க்கவில்லை.

புகார் எழுதிக் கொடுத்துவிட்டு அக்காளும் தங்கையும் தெருமுனைக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பேக்கரிக்காரர் பழக்க தோஷத்தில் பூத்துக் கதவைத் திறந்து சுவிட்சில் கை வைத்திருந்தார். உள்ளே நாற்காலி இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

"போடாதீங்க அண்ணே."

"இருட்டா கெடக்குமேம்மா. பாதுகாப்பு..."

"கெடக்கட்டும். நிஜமா ஒரு ஆள் வந்து உட்கார்ற வரைக்கும் இருட்டாவே கெடக்கட்டும். அடுத்து ஓடி வர்றவளாவது உங்க கடைப் பக்கம் ஓடுவா."

அவர் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார்.

"ஓடி வந்தா, அண்ணே," என்றாள் தையல்காரி, "சிரிக்காம எழுந்திரிங்க."