பொறியில் மூன்று ஈ

...ஆறு மணி, பல் துலக்கினேன், நேற்றைய கஞ்சியைச் சூடாக்கிக் குடித்தேன், ரப்பர் காலணி, வெள்ளைத் தட்டு, பிறகு மாந்தோப்பு. இன்று ஈப்பொறியைத் திறந்து பார்க்க அதிகாரி ந்திண்டா வருகிறார், விழுந்த பழ ஈக்களின் எண்ணிக்கை கூடினால் எங்கள் குன்றின் மாம்பழம் ஒன்றுகூடக் கப்பல் ஏறாது, அறுபது வீடுகளின் பிழைப்பு... என் மனைவி சியோம்புவா இறந்து பத்தொன்பது நாள். துக்க வாரத்தில் இங்கே யாரும் தோட்டத்தில் இறங்குவதில்லை, உதிர்ந்த பழம் உதிர்ந்தபடியே கிடந்திருக்கும், பெண் ஈ தோலில் குத்தி இட்ட முட்டை புழுவாகி, புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடாகி, பத்து நாளில் சிறகோடு வெளியே வரும், எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய இன்றைக்கு. நான் பிறந்தபோது இந்த ஈ இந்த நாட்டிலேயே இல்லை. கடல் தாண்டி வந்தது, எவனோ பையில் போட்டுக்கொண்ட பழத்தோடு பேருந்தேறி எங்கள் மேட்டுக்கும் வந்தது. அதை மறித்தவள் அவள். உதிர்ந்ததைப் பொறுக்கு, கறுப்புப் பையில் போடு, வாயை இறுக்கிக் கட்டு, வெயிலில் வேகவிடு... வீடு வீடாகச் சண்டை போட்டாள். "ஆடு தின்னுடும்மா" என்ற பக்கத்துத் தோட்டத்து மூன்யாவோவிடம், "ஆடு மிச்சம் வச்ச புழுவ நீங்க தின்னுடுவீங்களா?" என்றாள்.

ந்திண்டா பொறியைத் தட்டில் கவிழ்த்தார். "மூணுதானா? அவங்க இருந்தப்பவே ஒன்பது விழுந்துச்சே!" வேலிக்கு அப்பால் மூன்யாவோ என்னைப் பார்த்துச் சிரித்தார். "அடக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் கோட்டும் சூட்டுமா குனிஞ்சு பொறுக்கினோம் கியாலோ தம்பி. விட்டா குழியிலேர்ந்து எழுந்து வந்து திட்டுவா, அவ வாய் தெரியாதா?" துக்க வாரத்திலா, இவர்களா... எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. பெருமைதான். பத்தொன்பது நாளில் நான் உணர்ந்த முதல் விஷயம். இவள் என் மனைவி என்று அந்த மூன்று ஈக்களிடமாவது சொல்லத் தோன்றியது. கடைசியாக என்ன சொன்னாள் என்று அடக்கத்தில் எல்லோரும் கேட்டார்கள், ஜெபித்தாள் என்றேன். ஜெபிக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூச்சுக்கு நடுவே, பை வாயைக் கட்டினாயா என்று கேட்டாள், கட்டிவிட்டேன் என்றேன், என் முகம் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். அரை மணி நேரப் பாதை, தோப்புக்கு வந்து கட்டினேன், திரும்பியபோது கட்டில் காலி. பைக்காகத்தான் அனுப்பினாளா, அல்லது நான் பார்க்க வேண்டாம் என்றா... அவள் சொன்னது இவ்வளவுதான்: "பொய் சொல்லாத கியாலோ. போய்க் கட்டிட்டு வா. நான் எங்க போயிடப் போறேன்."