மட்கார்டில் பச்சை

பழைய பெயின்ட் மேலேயே புதுசை அடித்துக் கொடு என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், கார்ப் பட்டறை டிங்கருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "குளிக்காம சென்ட் அடிக்கிற பழக்கமெல்லாம் என்கிட்ட கிடையாது" என்பார். தகரம் தெரிகிறவரை சுரண்டாமல் அவர் எந்த வண்டியையும் விட்டதில்லை. பெண்டாட்டி கேட்டால் மட்டும் விட்டுவிடுவாரா?

அவளும் கேட்டுப் பார்த்தாள். வண்டி அவள் அப்பாவுடையது. கறுப்பு நிறம், உருண்டை விளக்கு, நிறுத்தி வைத்தால் கூட்டம் சேரும் பழைய ரகம். வருஷக்கணக்காகத் தார்ப்பாய்க்குள் கிடந்தது. மாமனார் கண்ணை மூடியதும் டிங்கர் அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"எடைக்குப் போட்டுடுங்க. இல்லன்னா மேலாப்புல அடிச்சு வித்துடுங்களேன்" என்று அவள் நச்சரித்தாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒன்றுமில்லாதவனுக்கு ஒரே மகளைத் தூக்கிக் கொடுத்த மனுஷனின் வண்டியாச்சே! சொக்குப்பொடி போட்டுட்டான் என்று அப்போது தெருவே பேசியது.

ரிமூவர் தடவியதும் பெயின்ட் பொங்கிக்கொண்டு வந்தது. தகட்டால் வழித்தெடுத்தார். இடது முன் மட்கார்டில் மட்டும் தகரமே வரவில்லை. பள்ளத்தை நிரப்ப அப்பும் பட்டிதான், பட்டிக்குக் கீழே பட்டி, விரல் கனத்துக்கு. "எந்தப் புண்ணியவான் பார்த்த வேலையோ" என்று திட்டிக்கொண்டே உளியால் தட்டினார். ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. உள்ளே பெரிய பள்ளம். தேய்க்கக்கூடப் பொறுமை இல்லாமல் பழைய கறுப்பின் மேலேயே அவசரமாக அப்பியிருந்தார்கள். அந்தக் கறுப்பில் நீளமாக ஒரு பச்சைக் கீறல்.

அந்தப் பச்சை எந்தக் கடையிலும் கிடைக்காது. டப்பாக்களில் மிஞ்சின வண்டலையெல்லாம் ஒன்றாகக் கலந்து, கொஞ்சம் வெள்ளி மினுக்கும் போட்டு, டிங்கரே தன் ஒரே சொந்தமான அண்ணனின் சைக்கிளுக்கு அடித்தது. கல்யாணத்துக்கு முன்னால் அந்தச் சைக்கிளில் போனவனைத்தான் ஏதோ ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை.

படுபாவி! பெண் கொடுத்தது இதற்குத்தானா? கத்த வேண்டும் போலிருந்தது. யாரிடம் கத்துவது? ஆள்தான் போய்ச் சேர்ந்தாச்சே. இருப்பவள் அவள் ஒருத்தி. அப்பாவைப் பறிகொடுத்த ஈரம் காயவில்லை, இதுவும் தெரிந்தால் ஒடிந்துபோய்விடுவாள். அவளுக்குத் தெரியவே கூடாது. சுரண்டினதை முதல்முறையாக மூடுவதென்று முடிவு செய்து, பட்டியில் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரைப் போட்டுப் பிசைந்தார்.

திரும்பினால் வாசலில் அவள். கண் நேராகப் பச்சையில் போய் நின்றது.

"கல்லு ஏதோ பட்டிருக்கு" என்றார் அவசரமாக.

"நான் முன்சீட்டுலதான் உக்காந்திருந்தேங்க."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா கல்யாணத்துக்கு ஒத்துக்கல. போலீசுல சொல்லிடுவேன்னு மிரட்டித்தான் உங்களைக் கட்டிக்கிட்டேன். உங்களுக்கு வேற யாருமே இல்லையேன்னு."

டிங்கர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணீர் கொட்டியது. அழுதுகொண்டே அவளையும் தேற்றினார், பாவம்.

"விடும்மா. நீ என்ன பண்ணுவ, சின்னப் பொண்ணு. அவன் கஷ்டப்படலையே. அடிபட்ட உடனே போயிட்டான்னுதான் தூக்கிட்டு வந்தவங்க சொன்னாங்க."

ஆமாம் என்று அவள் தலையாட்டியிருக்கலாம்.

"தண்ணி கேட்டாருங்க" என்றாள். "பாட்டில் என் மடியிலதான் இருந்துச்சு. நான் கொடுக்கல."