யூதாஸ் கஞ்சி

வால்டர் பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் காஸ்பருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மனுஷன் போன இடத்திலேயே இருந்து தொலைத்தால் என்ன என்று வாய்விட்டே சொன்னார். தவக்காலம் பிறக்கப்போகிற நேரத்தில் இப்படியெல்லாம் பேசலாமா என்று அவர் மனைவி ஃப்ளோரா கண்டித்தாள். அதற்குப் பிறகு அதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

சாந்தோம் திருப்பாடுகள் நாடக சபைக்கு வால்டர்தான் தலைவர். சுங்க இலாகாவில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வருஷாவருஷம் பெரிய வெள்ளியன்று கோயிலுக்குப் பக்கத்து மைதானத்தில் பந்தல் போட்டு, சேசுநாதரின் பாடுகளை நாடகமாக நடித்துக் காட்டுவது சபையின் வேலை. வால்டர் எப்போதும் சேசுவுக்குத் தீர்ப்புச் சொல்கிற பிலாத்து வேஷம்தான் போடுவார். அந்த வேஷத்தில் ஒரு சௌகரியம், கடைசிவரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை. காஸ்பர் பள்ளிக்கூட வாத்தியார், சபையின் காரியதரிசி. பாட்டு எழுதுவது, ஒத்திகை நடத்துவது, தாடிக்குச் சணல் வாங்குவது எல்லாம் அவர் தலையில் விழுந்தது. கைதட்டல் மட்டும் பிலாத்துவுக்குப் போகும். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஸ்தனிஸ்லாஸ் என்று ஓர் ஆலோசகர். வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தா. கேட்காமலே ஆலோசனை சொல்வார். கேட்டுவிட்டாலோ இரண்டு பக்கத்துக்கும் சொல்வார்.

ஜப்பான்காரன் பட்டணத்தில் குண்டு போடப்போகிறான் என்று நாற்பத்திரண்டில் ஊரே காலியானபோது சபையின் பெரிய தலைகள் அத்தனையும் மூட்டை கட்டின. வால்டர் கோழிக்கூண்டைக்கூட விட்டு வைக்கவில்லை. அவசரப்பட வேண்டாம், ஆற அமர யோசிப்போம் என்று ஊருக்கெல்லாம் ஆலோசனை சொன்ன ஸ்தனிஸ்லாஸ் அன்றைக்கே ரயிலேறினார். காஸ்பர் மிஞ்சினார். வீரத்தினால் அல்ல, போக்கிடம் இல்லாததினால்.

அடுத்த வருஷம் தவக்காலம் வந்தபோது நடிக்க ஆளில்லை. நாடகத்தை நிறுத்திவிட்டால் வால்டர் இல்லாமல் சபை இல்லை என்று ஆகிவிடும். அந்தப் பெருமையை அந்த ஆளுக்குக் கொடுக்க காஸ்பருக்கு மனசு வரவில்லை. நேரே கடற்கரைக் குப்பத்துக்குப் போனார். அங்கேயும் கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் இருந்தன. ஆனால் அவர்கள் நாடகத்தை மணலில் உட்கார்ந்து பார்க்கிற ஜனம். மேடைப் பக்கம் யாரும் அழைத்ததில்லை. அங்கேதான் குப்பன் கிடைத்தான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் மிக்கேல், குப்பன் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். அவனுக்கு இராயப்பர் வேஷம் கொடுத்தார். வலை வீசிப் பிழைத்த அந்த மூத்த அப்போஸ்தலர் வேஷத்தில் குப்பன் சேசுவை மறுதலித்துவிட்டு அழுதபோது, பந்தலில் அழாதவர்கள் இல்லை.

அந்த நாற்பது நாளும் ஒத்திகை குப்பன் வீட்டு வாசலில்தான் நடந்தது. குப்பனின் மனைவி ஒவ்வொரு சாயங்காலமும் டீ போட்டு நீட்டுவாள். "இப்பதான் வீட்டுல குடிச்சிட்டு வந்தேன்" என்பார் காஸ்பர். தாகம் எடுத்தால் கையோடு கொண்டுவந்த கூஜாவைத் திறந்துகொள்வார். வாத்தியாருக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது என்று அவள் ஒருநாள் கவலைப்பட்டாள். குப்பன் அந்தக் கூஜாவை ஒரு பார்வை பார்த்தான். அடுத்த வருஷமும் இராயப்பர் நீதான் என்று காஸ்பர் அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

திரும்பி வந்த வால்டர், அபிராமபுரத்தில் கட்டியிருந்த புது வீட்டில் சபையைக் கூட்டினார். ஆளில்லாத வருஷத்தில் நாடகத்தைக் காப்பாற்றி வைத்ததற்கு ஒரு வார்த்தை நன்றி உண்டா? இல்லை. எடுத்த எடுப்பில் காஸ்பரைப் பார்த்து, "வலைக்காரனெல்லாம் அப்போஸ்தலர் ஆயிட்டானாமே?" என்றார்.

"அப்போஸ்தலரே வலைக்காரர்தானே சார்" என்றார் காஸ்பர்.

வால்டரின் முகம் இஞ்சி தின்றதுபோல் ஆயிற்று. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அந்தக் கூடத்தில் நடந்ததைப் பேச்சு என்று சொல்ல முடியாது. குப்பத்து ஆட்கள் வேண்டுமானால் ஈட்டி பிடித்துக்கொண்டு சேவகர்களாக நிற்கட்டும், பேசுகிற வேஷம் நம் குடும்பங்களுக்குத்தான் என்றார் வால்டர். கொடுத்த வாக்கை மாற்றச் சொன்னால் காரியதரிசி வேலையை மூஞ்சியில் விட்டெறிவேன் என்றார் காஸ்பர். எறியேன், யார் வேண்டாம் என்றது என்றார் வால்டர். பாட்டும் வசனமும் காஸ்பரின் தலைக்குள் இருந்ததால் வால்டர் வற்புறுத்தவில்லை; காஸ்பரும் எறியவில்லை.

அப்போது ஸ்தனிஸ்லாஸ் தொண்டையைக் கனைத்தார். தலைவர் சொல்வதும் நியாயம், காரியதரிசி சொல்வதும் நியாயம் என்று ஆரம்பித்தார். குப்பனுக்கு அப்போஸ்தலர் வேஷம்தானே வேண்டும்? பன்னிரண்டு பேரில் யூதாசும் ஒருவன்தானே? யூதாசைக் கொடுத்துவிட்டால் வாக்கும் தவறாது, தலைவர் மனசும் கோணாது. வால்டர் தொடையைத் தட்டிச் சிரித்தார். காட்டிக்கொடுத்தவன் வேஷம் அந்தப் பயலுக்குப் பொருத்தம் என்றார்.

காஸ்பர் சீறுவதற்கு வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. அவருக்குக் கஞ்சி ஞாபகம் வந்துவிட்டது.

பெரிய வெள்ளியன்று ஊரே ஒருசந்தி. நாடகம் முடிந்து கோயில் வாசலில் கஞ்சி ஊற்றுகிறவரை யாரும் வாயில் எதையும் வைக்கமாட்டார்கள். முதல் கிண்ணம் யூதாஸ் வேஷக்காரனுக்கு. அவன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைச் சபைத் தலைவரிடம் நீட்டுவான். தலைவர் அதே கிண்ணத்திலிருந்து மிச்சத்தைக் குடித்து, உன்மேல் பழியில்லை என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். பிறகுதான் மற்றவர்களுக்கு அகப்பை இறங்கும். அது நடக்காவிட்டால் வேஷம் போட்டவன் வருஷம் முழுக்க யூதாஸ்தான். பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொள்ளும். இத்தனை வருஷமும் யூதாஸ் வேஷம் போட்டது வால்டரின் மச்சினன், அவர் சித்தப்பா மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே சுற்றி வந்தது. சொந்தக்காரன் எச்சிலை அவர் ஒரு காரியமாக நினைத்ததே இல்லை. அதனால்தான் இப்போது அவர் புத்தியில் உறைக்கவில்லை. ஆலோசகர் புத்தியிலும் உறைக்கவில்லை.

ஊர் பார்க்கக் குப்பனின் எச்சில் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வால்டர் விழிக்கப்போகிற விழியை நினைத்ததும் காஸ்பருக்கு வயிறு குளிர்ந்தது. தலைவர் இஷ்டப்படியே ஆகட்டும் என்று சாதுவாக எழுந்துகொண்டார்.

குப்பனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. கட்டுமரத்துக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டான்.

"இராயப்பர்னு சொன்னியே வாத்தியாரே. இப்போ காட்டிக் குட்த்தவனா? என் பொண்ணு நாளைக்கு வெளிய தல காட்ட வாணாமா?"

காஸ்பர் கஞ்சியைப் பற்றி எடுத்துச் சொன்னார். வால்டர் குடித்தே ஆகவேண்டும், அவர் குடிக்காமல் ஊர் சாப்பிட முடியாது, அதற்கப்புறம் உங்கள் ஜனத்தை மேடையிலிருந்து இறங்கச் சொல்ல எவனுக்கும் வாய் வராது என்றார்.

"மெய்யாலுமே குடிப்பாரா? நான் குட்ச்ச கிண்ணத்துல?"

"குடிச்சுத்தான் ஆகணும்."

குப்பன் கயிற்றை மறுபடி கையில் எடுத்தான். "அப்ப சரி. அத்த எங்க ஜனம் பாக்கணும்" என்றான்.

இருவருக்கும் ஒரே எண்ணம் என்று காஸ்பர் திருப்திப்பட்டுக்கொண்டார். ஒரே எண்ணமாவது! குப்பனுக்கு வேண்டியிருந்தது மரியாதை. வாத்தியாருக்கு வேண்டியிருந்தது வால்டரின் மூக்கறுப்பு. அதற்கு அடுத்தவன் பெயரைப் பணயம் வைத்திருக்கிறோமே என்ற உறுத்தல் அவருக்கு ஒருநாள்கூட வரவில்லை.

விளக்கு போடக்கூடாது என்ற யுத்தகாலக் கட்டுப்பாட்டினால் அந்த வருஷமும் நாடகம் பட்டப்பகலில்தான் நடந்தது. வெயிலிலும் பட்டினியிலும் ஜனம் வாடிக்கிடந்தது. குப்பன் மேடையேறியதும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவன் முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்தபோது ஒரு கிழவி எழுந்து வந்து மண்ணை வாரி அவன்மேல் இறைத்தாள். அவன் வெள்ளிக்காசை வீசி எறிந்துவிட்டுக் கதறியபோது அவளே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். குப்பனின் மகள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தே நின்றாள். பிலாத்து நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகக் கையைக் கழுவினார்.

முடிந்ததும் கூட்டம் கோயில் வாசலுக்கு நகர்ந்தது. ஃப்ளோராவும் மற்றப் பெண்களும் பெரிய அண்டாவில் கஞ்சியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். குப்பன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினான்.

அந்த நிமிஷத்தில்தான் வால்டருக்கு விஷயம் விளங்கியது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தனக்கு வயிற்றில் புண் இருப்பதாகவும் டாக்டர் கஞ்சி கூடாது என்று சொல்லியிருப்பதாகவும் அறிவித்தார். புளியோதரையை ஒரு கை பார்க்கிறவருக்குக் கஞ்சியா ஆகாது என்று பின்னாலிருந்து எவனோ கேட்டான். தலைவருக்கு வேறு கிண்ணத்தில் ஊற்றினால் வழக்கத்துக்குப் பங்கமில்லை என்று ஸ்தனிஸ்லாஸ் ஆலோசனை சொன்னார். ஒரே கிண்ணம்தான் என்றாள் மண்ணை வாரி இறைத்த கிழவி. அவளைச் சுற்றி நின்ற குப்பத்து ஜனம் முழுவதும் அதையே முணுமுணுத்தது. பசியில் குழந்தைகள் அழத் தொடங்கின. குப்பன் நீட்டிய கையை மடக்கவில்லை.

"குடிங்க சார். ஜனம் பசியோட நிக்குது" என்றார் காஸ்பர். குரலில் தேன் ஒழுகியது.

வால்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இதுக்குத்தான் அன்னைக்கு வாயைத் திறக்காம ஒத்துக்கிட்டியா?"

"ஆமா."

"சரி. எல்லாரும் கேட்டுக்குங்க. இந்த நிமிஷத்துலேருந்து நான் தலைவர் இல்ல, இவன்தான் தலைவர். இதுக்காகத்தானே இத்தனை வருஷமா நாய் மாதிரி அலைஞ்சே? எடுத்துக்கோ. கஞ்சியையும் சேத்து எடுத்துக்கோ."

ஸ்தனிஸ்லாஸ் ஒரு நொடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு முதல் ஆளாக வந்து புதுத் தலைவருக்குக் கைகொடுத்தார்.

காஸ்பருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்துக் கனவு ஒரு வார்த்தையில் கைக்கு வந்துவிட்டது. குப்பன் கிண்ணத்தோடு இவர் பக்கம் திரும்பினான். அன்று முழுக்கச் சிரிக்காதவன் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தான். வால்டர் குடிப்பதைவிட வாத்தியார் குடிப்பதுதான் அவனுக்கு உசத்தி என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. காஸ்பர் கிண்ணத்தை வாங்கினார். விளிம்பில், குப்பன் வாய் வைத்த இடத்தில், ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. தாடியின் சணல் இழை ஒன்றும் ஈரமாக ஒட்டியிருந்தது.

அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டார். கைகள் தாமாகவே கிண்ணத்தை அரைவட்டம் திருப்பி, எதிர்ப்பக்கத்து விளிம்பை உதட்டுக்குக் கொண்டுபோயின. அடிவரைக்கும் குடித்தார். உன்மேல் பழியில்லை என்று கணீரென்று சொன்னார். குப்பத்து ஜனம் ஆரவாரம் செய்தது. அகப்பை அண்டாவுக்குள் இறங்கியது.

வால்டர் ரிக்ஷாவுக்குப் போகிற வழியில் காஸ்பரின் காதோரம் நின்றார். "திருப்பிப் பிடிச்சுக் குடிச்சியே, பாத்தேன். இவ்வளவுதானா நீயும்? முன்னாடியே தெரிஞ்சிருந்தா நானும் அப்படிக் குடிச்சிட்டுத் தலைவராவே இருந்திருப்பேனே" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

காஸ்பருக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த ஆள் கண்ணில் பட்டது வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குப்பனைத் தேடினார். அவன் பூவரச மரத்தடியில் மகளோடு நின்று தாடியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். முந்தின ராத்திரியிலிருந்து அந்த ஒரு வாய்க் கஞ்சியைத் தவிர அவன் வயிற்றில் எதுவும் விழவில்லை. காஸ்பர் தம் கையாலேயே ஒரு கிண்ணம் நிறையக் கஞ்சி மொண்டு, துவையலும் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

"வா குப்பா, உக்காந்து சாப்பிடு. அடுத்த வருஷம் இராயப்பர் நீதான். இனிமே கேக்க ஆளில்ல, நானே தலைவர்."

குப்பன் கிண்ணத்தைப் பார்த்தான். அதைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தான். மகளின் தோளில் கையைப் போட்டுக் கடற்கரைப் பக்கம் திரும்பினான்.

"வாணாம் வாத்தியாரே. இப்பதான் வூட்ல குட்ச்சிட்டு வந்தேன்."