லாமிங்டன் அடையாளம்

ஆஸ்திரேலியாவில் குராபின் என்ற சின்ன ஊரில் யாருக்கு எந்த எலும்பு எந்த வருஷம் ஒடிந்தது என்பது லியோனி பெதரிக்குக்கு மனப்பாடம். இருபத்தோரு வருஷமாக அந்த ஊர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். வெளியே ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். மனதில் வைத்துக்கொள்வாள். மனதில் வைத்துக்கொள்வதில் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. இது தெரியாமல் அவளைச் சீண்டிய ஒரே மனிதர், எக்ஸ்ரே பிரிவின் தலைவர் நெவில் ஹோல்ட்ரிட்ஜ். தலைவர் என்றால் பெரிய படை என்று நினைத்துவிடக் கூடாது. பிரிவில் இருந்ததே இரண்டு பேர்தான்.

விஷயம் இப்படி ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்கு எம்.ஆர்.ஐ. இயந்திரம் வரப்போகிறது என்று சேதி வந்தது. அதுவரை முழங்காலுக்கு ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டுமென்றால் மூன்று மணி நேரம் காரோட்ட வேண்டும். வழியில் கங்காரு குறுக்கே பாய்ந்தால் முழங்காலோடு காரும் போச்சு. இயந்திரம் வந்தால் அதை இயக்கப் படித்த ஆள் வேண்டும். நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்று ஒன்றரை வருஷப் படிப்பை இணையம் வழியாகவே நடத்தியது. முதலில் தேறுகிறவர் கையில்தான் இயந்திரம் என்று நிர்வாகி மேடம் கேரத் சொல்லிவிட்டார். வாரம் ஒரு நாள் படிப்பு விடுப்பு உண்டு, ஆனால் ஒருவருக்குத்தான்.

லியோனி மனுப் போட்டாள். வெள்ளிக்கிழமை காலை தேநீர் நேரத்தில், ஆஸ்பத்திரியே கூடியிருக்கும் அறையில், நெவில் அதை எடுத்துச் சத்தமாகப் படித்தார். "காந்தப் பௌதிகத்தில் எனக்கு எப்போதும் ஆர்வம் உண்டு" என்ற வரி வந்ததும் நிறுத்தி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஏம்மா லியோனி, பௌதிகமா? போன வாரம் காபி மெஷினைப் போடத் தெரியாம முழிச்சியே, அந்தப் பௌதிகமா?"

நாலு பேர் சிரித்தார்கள். சிரித்த நாலு பேர் யார் யார் என்று லியோனி இன்றைக்கும் சொல்வாள்.

"கோவிச்சுக்காத. காந்தம் எல்லாருக்கும் ஆகாது. சில பேரு கால் கட்டைவிரலைப் படம் எடுக்கவே பிறந்தவங்க. ஊருக்கு அவங்களும் வேணும்ல?"

விடுப்பைத் தனக்கே எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து புதன்கிழமைதோறும் நெவில் படிக்கப் போனார். எங்கே படித்தார் என்றால், ஊருக்கு வெளியே அணைக்கட்டில், தூண்டிலோடு. புதன்கிழமை வேலையையும் சேர்த்துப் பார்த்தவள் லியோனி.

அவள் சொந்தச் செலவில் அதே படிப்பில் சேர்ந்தாள். அதோடு, வழக்கம்போல வெள்ளிக்கிழமை தேநீர் அறைக்குத் தன் வீட்டுக் கோழிகள் போட்ட ஒரு டஜன் முட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். நெவில் வழக்கம்போல அதில் ஆறை வீட்டுக்கு எடுத்துப் போனார். வரவேற்பு மேசை ரோண்டாவுக்கு இது பொறுக்கவில்லை.

"கண்ணு, உனக்கு ரோஷமே இல்லையா? நானா இருந்தா அந்த முட்டைய அவர் தலையில உடைச்சிருப்பேன்."

"உடைக்கலாம் ரோண்டா. அவசரம் என்ன?"

ரோண்டாவுக்கு அந்தப் பதிலில் கொஞ்சம் குளிரெடுத்தது என்று அவளே பின்னால் நாலு வீட்டில் சொன்னாள்.

லியோனி விடியற்காலையில் கோழிகளைத் திறந்துவிடுவதற்கு முன் படித்தாள். வயது நாற்பத்தெட்டு. சமன்பாடுகள் முதலில் எறும்பு வரிசை மாதிரிதான் தெரிந்தன. திரையில் படித்தால் மண்டையில் ஏறவில்லை. குறிப்பைத் தட்டச்சு செய்து, ஆஸ்பத்திரி அச்சு இயந்திரத்தில் எடுத்து, பென்சிலால் கோடு போட்டால்தான் ஏறியது. அந்த அச்சு இயந்திரம் நெவிலின் அறை வாசலில் இருந்தது. ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு வருவதற்குள் இரண்டு முறை குறிப்புகள் காணாமல் போயின. காகிதம் சிக்கியிருக்கும் என்று மறுபடி எடுத்துக்கொண்டாள்.

மூன்றாவது மாதம் பாடத்தின் விவாதப் பக்கத்தில் ஒரு கேள்வி வந்தது. காந்தத்துக்குள் உடம்பின் புரோட்டான்கள் என்ன செய்கின்றன, சாதாரண மனிதருக்குப் புரியும்படி சொல்லுங்கள். லியோனி வீட்டுக்கு வந்து இணையத்தைத் திறந்தபோது நெவிலின் பதில் ஏற்கனவே ஏறியிருந்தது.

"சாயங்காலம் கோழிகள் பரணில் ஏறி ஒரே திசை பார்த்து உட்காருவதை நினைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று நாய் குரைக்கிறது. எல்லாம் சிதறி விழுகின்றன. பிறகு ஒவ்வொன்றாக முனகிக்கொண்டே பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. நாய்தான் நாம் அனுப்பும் வானொலி அலை. அந்த முனகலைக் கேட்டுத்தான் இயந்திரம் படம் வரைகிறது."

நெவில் வாழ்நாளில் ஒரு கோழி வளர்த்ததில்லை. பரண் என்றால் எந்த உயரத்தில் இருக்கும் என்றுகூடத் தெரியாது. அது லியோனியின் பின்கட்டு. அவளுடைய கோழிகள். அவளுடைய நாய். செவ்வாய்க்கிழமை அச்சு இயந்திரத்தில் காணாமல் போன பக்கம்.

கீழே பேராசிரியர் டாக்டர் பிரிஸ்கோ எழுதியிருந்தார்: "அருமை, நெவில். இத்தனை வருஷத்தில் இவ்வளவு அழகான விளக்கத்தை நான் படித்ததில்லை."

லியோனி அதை மூன்று தரம் படித்தாள். எழுந்து போய்க் கோழிகளுக்குத் தீனி வைத்தாள். திரும்பி வந்து நாலாம் தரம் படித்தாள்.

"புகார் குடு" என்றாள் ரோண்டா.

"யார்கிட்ட? கேரத் மேடமும் அவரும் சனிக்கிழமை ஒண்ணா கோல்ஃப் ஆடுறாங்க. என் குறிப்பைத் திருடினார்னு சொன்னா, நான்தான் அவரோடதைத் திருடினேன்னு சொல்வாரு. அவரோடதுதான் முதல்ல ஏறியிருக்கு."

"அப்ப விட்டுருவியா?"

"விடறதா?" என்று லியோனி சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்து எலும்பைப் படமெடுக்கலாம், அவ்வளவு ஊடுருவல்.

ஸ்கேன் படிக்கிறவர்களுக்கு ஒரு விநோதப் பழக்கம் உண்டு. படத்தில் வழக்கத்துக்கு மாறாக எதையாவது பார்த்தால், தின்பண்டம், மிருகம், பறவை என்று எதன் பெயரையாவது வைத்துவிடுவார்கள். மூளையில் பாண்டா முகம் உண்டு. தேன்சிட்டு உண்டு. ஈஸ்டருக்குச் சாப்பிடும் சிலுவை போட்ட பன்னும் உண்டு. எல்லாம் நிஜமான பாடம், பரீட்சைக்கு வரும். இப்படிப்பட்ட பட்டியலில் இன்னொரு பலகாரம் வந்து சேர்ந்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

கடைசிப் பரீட்சை வாய்மொழி. ஒவ்வொருவரும் ஒரு முழங்கால் ஸ்கேனை எடுத்துக்கொண்டு, நேரலையில் வகுப்பு முன்னால் பத்து நிமிஷம் பேச வேண்டும். லியோனி தனக்கென்று ஒழுங்கான ஓர் உரையை வீட்டிலேயே எழுதி வைத்துக்கொண்டாள். பிறகு இன்னொன்றை எழுதினாள். அதில் முழங்கால் சவ்வு கிழியும்போது தெரியும் "லாமிங்டன் அடையாளம்" பற்றி இரண்டு பக்கம் வந்தது. கறுத்த சதுரத் துண்டு, அதன் ஓரமெல்லாம் வெள்ளைப் பொட்டு. சாக்லேட்டில் முக்கித் தேங்காய்த் துருவலில் புரட்டிய லாமிங்டன் கேக் துண்டு மாதிரியே. முதலில் கண்டு சொன்னவர்கள்: வினிஃப்ரெட் மற்றும் ஹார்ட்டென்ஸ், 1998.

இதனால் எந்த நோயாளிக்காவது கெடுதல் வருமா என்றும் யோசித்தாள். வராது. இயந்திரமே இன்னும் கப்பலில் இருந்தது. மனது சமாதானமானதும், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அச்சுக்குக் கொடுத்துவிட்டு, தோள் ஒடிந்த ஒரு கிழவரைப் பார்க்கப் போனாள். அவசரப்படாமல், தோளை நாலு கோணத்தில் எடுத்தாள். திரும்பி வந்தபோது தட்டு காலி.

பரீட்சை நாளன்று நெவில் ஆஸ்பத்திரிக் கூட்ட அறையின் பெரிய திரையைத் தனக்கென்று பிடித்துக்கொண்டார். கேரத் மேடத்தையும் நிர்வாகக் குழு உறுப்பினர் இரண்டு பேரையும் பார்வையாளராக வேறு அழைத்திருந்தார். தேநீருக்கு ரோண்டா.

"நானும் அங்கேயிருந்து சேர்ந்துக்கட்டுமா நெவில்? வீட்ல இணையம் திக்கித் திக்கி வருது" என்று கேட்டாள் லியோனி.

"இடம் இல்லம்மா. நீ உன் சமையலறையிலேர்ந்தே பேசு. உனக்கு அதுதானே வசதி?"

சரி என்றாள். சமையலறை அவளுக்கு மெய்யாகவே வசதிதான், பின்கதவைத் திறந்தால் கோழிக்கூடு.

லியோனியின் முறை முதலில் வந்தது. இரண்டு தடவை படம் உறைந்தது. ஆனால் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். டாக்டர் பிரிஸ்கோ தலையாட்டி, "நல்லா படிச்சிருக்கீங்க" என்றார். அந்த ஒரு வரிக்காக ஒன்றரை வருஷம் விடியலில் எழுந்தவள் அவள். ஆனால் அதை ருசிக்க அன்று அவளுக்கு நேரமில்லை.

அடுத்து நெவில். புது டை. தொண்டையைச் செருமிக்கொண்டு சவ்வுக்கு வந்தார். "இங்கே நாம் பார்ப்பது, எல்லாருக்கும் தெரிந்த லாமிங்டன் அடையாளம்."

திரையில் பன்னிரண்டு சின்னக் கட்டங்கள். பத்தில் புருவம் உயர்ந்தது.

"ஒரு நிமிஷம்" என்றார் டாக்டர் பிரிஸ்கோ. "நான் இருபத்திரண்டு வருஷமா முழங்கால் பாக்குறேன். இதைக் கேள்விப்பட்டதில்லையே. யார் எழுதினது?"

"வினிஃப்ரெட் அண்ட் ஹார்ட்டென்ஸ், டாக்டர். தொண்ணூத்தெட்டு."

"அந்தக் கட்டுரைய நீங்களே படிச்சீங்களா?"

இல்லை, எங்கோ பார்த்து எடுத்தேன் என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் அதோடு விட்டுவிடுவது என்று லியோனி அப்போது தீர்மானித்தாள். அப்படித்தான் அவள் பிற்பாடு சொன்னாள். நம்புகிறவர்கள் நம்பலாம்.

"படிச்சதா?" நெவில் சிரித்தார். கேரத் மேடம் பக்கம் ஒரு பார்வை. "வினிஃப்ரெட்டை நேர்லயே பார்த்திருக்கேன். அடிலெய்டுல ஒரு கருத்தரங்கு. ஒண்ணா சாப்பிட்டோம். ரொம்பக் கூர்மையான பொம்பளை."

லியோனி ஒலிவாங்கியைத் திறந்தாள்.

"டாக்டர், குறுக்கிடறதுக்கு மன்னிக்கணும். வினிஃப்ரெட் இப்ப இங்கதான் இருக்கா. கூப்பிடட்டுமா?"

"உங்க வீட்லயா?"

லியோனி குனிந்து, மேசைக்கடியில் ரொட்டித் தூள் கொத்திக்கொண்டிருந்த பழுப்புக் கோழியைத் தூக்கிக் கேமராவுக்கு நேரே பிடித்தாள். வினிஃப்ரெட் தலையை ஒருக்களித்து ஒற்றைக் கண்ணால் நெவிலை உற்றுப் பார்த்தது.

"கூர்மைன்னு நெவில் சொன்னது நிஜம், அலகு அப்படி. ஆனா அடிலெய்டுக்குப் போனதில்ல. வேலியத் தாண்டினதே ரெண்டு தடவைதான். ஹார்ட்டென்ஸ் அடைகாக்குறா, வர முடியல."

கூட்ட அறையில் தேநீர்க் கோப்பை ஒன்று விழுந்து உடையும் சத்தம் நேரலையில் அத்தனை ஊருக்கும் கேட்டது. பின்னாலேயே ரோண்டாவின் சிரிப்பு.

"இது... இது சதி!" என்றார் நெவில். "அவதான் எழுதி அந்தத் தட்டுல வச்சா!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. கேரத் மேடம் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார்.

"ஆமாம், நான்தான் வச்சேன்" என்றாள் லியோனி, கோழியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே. "எடுக்கச் சொல்லி வைக்கல. அந்தப் பரண்ல உக்காந்த கோழிங்களும் என்னோடதுதான் டாக்டர். என் பிரதி பென்சில் கோட்டோட இருக்கு, அனுப்பறேன்."

நெவிலின் கட்டம் அணைந்தது.

அவர் தேறவில்லை. லியோனி தேறினாள். பொய்க் கட்டுரை புனைந்ததற்கும், தேர்வில் கோழியைக் கொண்டுவந்ததற்கும் கண்டித்துப் பல்கலைக்கழகம் அவளுக்கு ஒரு கடிதம் போட்டது. அதை மரச்சட்டம் போட்டுக் கோழிக்கூட்டுக்குள் மாட்டியிருப்பதாக ஊரில் பேச்சு. சட்டம் போடவில்லை. சும்மா ஆணி அடித்திருக்கிறாள்.

வாட்டில் என்ற அந்த ஊர் வேலமரங்கள் மஞ்சளாய்ப் பூத்த மாதத்தில் இயந்திரம் வந்து இறங்கியது. கோல்ஃப் நட்பின் புண்ணியத்தில் நெவிலின் பதவி தப்பியது. ஆனால் காந்த அறைச் சாவி லியோனி கழுத்தில் தொங்கியது, பயிற்சி பெறாத ஆள் அந்தக் கதவைத் தாண்டக் கூடாது என்பது விதி. அவள் உள்ளே இருந்தால் எக்ஸ்ரேக்கு நெவிலை விட்டால் வேறு ஆள் ஏது? படிப்பு முடிந்த கதைதானே, புதன்கிழமை விடுப்பும் முடிந்தது. அணைக்கட்டு மீன்கள் நிம்மதியாக இருந்தன.

வெள்ளிக்கிழமை தேநீர் அறைக்கு லியோனி முட்டை கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். அதற்குப் பதில் ஒரு தட்டு லாமிங்டன். அன்றைக்குச் சிரித்த நாலு பேரும் அவள் பார்க்க ஆளுக்கு இரண்டு தின்றார்கள். நெவில் தொடவில்லை.

அடுத்த புதன்கிழமை, நல்ல வெயில், காற்றே இல்லாத மீன்பிடி நாள். ஆட்டுக் கிடை வேலியில் காலை இடித்துக்கொண்ட ஒருவர் நொண்டிக்கொண்டே வந்தார். லியோனி காந்த அறைக் கதவைப் பாதி திறந்து, தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தாள்.

"நெவில்! கொஞ்சம் வர்றீங்களா? கட்டைவிரல் ஒண்ணு வந்திருக்கு."