தொடையின் பிடிவாதம்

ஹபீலுக்குப் பொய் சொல்ல வராது. அவருடைய தொடைக்கு நன்றாகவே வரும் என்பதைக் கதிரையில் குழந்தையோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள் அவர் மனைவி றலியா.

டிஸ்பென்சரிக் கட்டிலில் படுத்திருந்தவரின் முழங்காலை டொக்டர் முத்துலிங்கம் மடக்கினார். பாதம் நகராதபடி அதன்மேல் லேசாக உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே இரு கைகளாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். தொடை கல்லாய் இறுகியது.

"விடுங்கோ முதலாளி. நீங்கள் இறுக்கினால், முழங்காலுக்குள்ளை தைச்ச நார் பிடிக்குதோ, உங்கட தசை பிடிக்குதோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் உட்டுத்தான் ஈக்கிறேன் டொக்டர்."

அக்குறணையில் தன் கடைப் படியில் விழுந்து முழங்காலுக்குள் நார் அறுந்த நாளிலிருந்து அந்தக் கால் சொல்லாமல் கொள்ளாமல் விலகும். மகள் மஸீனா பிறந்த புதிதில், அவளை ஏந்திக்கொண்டு திரும்பியபோதும் விலகியது. றலியா பாய்ந்து பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கொழும்பில், சீமையில் படித்த டொக்டர் ஒருவர் அவருடைய தொடையிலிருந்தே ஒரு பட்டையை எடுத்து முழங்காலுக்குள் கோத்துத் தைத்தார். இப்போது மனுஷன் கடைக்குப் போகிறார், மாத்தளை பஸ்ஸில் தொற்றி ஏறுகிறார். மகளைத் தூக்க மட்டும் மாட்டார்.

"டொக்டர் சரியெண்டு செல்லட்டும்" என்பார். டொக்டரைச் சொல்லவிட்டால்தானே! கூடாது என்று சொல்லிவிடுவாரோ என்ற பயமெல்லாம் தொடையில் போய் உட்கார்ந்திருந்தது. பாவம், அவரும் என்னதான் செய்வார்.

"இனி ஈதர் குடுத்து மயக்கித்தான் பாக்கவேணும்" என்று டொக்டர் சலித்துக்கொண்டார்.

றலியா எழுந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. தூங்கும் மஸீனாவை அவர் நெஞ்சில் கிடத்தினாள்.

"எடு புள்ள! எழும்பிருவா!"

"அப்ப ஆடாம படுங்க."

ஹபீல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். பிள்ளை எச்சில் வடித்தபடி தூங்கியது. மெல்ல அவர் கை அதன் முதுகில் வந்து அமர்ந்தது. முகம் கனிந்தது. றலியா டொக்டருக்குக் கண்ணைக் காட்டினாள். அவர் சத்தமில்லாமல் முதலில் நல்ல காலை இழுத்துப் பார்த்தார், பிறகு மற்றதை. தொடை தொளதொளவென்று கிடந்தது.

"மற்றக் காலைவிட ஒரு நூல் கூட வருது" என்றார். "ஆனா அங்காலை விடாது. டக்கெண்டு பிடிக்குது. நல்ல பிடி. பயப்பிடாமல் பிள்ளையைத் தூக்கலாம்."

"எப்ப பாத்தீங்க?" என்று கேட்டார் ஹபீல்.

அவர் கட்டிலைவிட்டு இறங்கட்டும் என்று றலியா பிள்ளைக்குக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. மஸீனாவை அணைத்துக்கொண்டு, தைத்த காலை முதலில் தரையில் வைத்தார். எழுந்து நின்றார். இனி வாசல் பக்கம் திரும்பவேண்டும்.

"செருப்ப மட்டும் எடுத்து வை புள்ள."

குனிந்தால் பாய்ந்து பிடிக்க முடியாது என்று றலியாவுக்குத் தெரியும். குனிந்தாள்.